தாழைக்கு எத்தனை நாள்

தாழை என்ற கோளை நான் பதினோரு முறை இடம் மாற்றியிருக்கிறேன். வானத்தில் தேட வேண்டாம், அப்படி ஒரு கோள் கிடையாது. அப்போது ஒரு மாத இதழில் வந்துகொண்டிருந்த விண்வெளித் தொடர்கதையில் வருவது. இல்லாத கோளுக்கு இடம் தேடியே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை, மெஷின்கள் சும்மா இருக்கும். நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்க விடாமல் செய்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த பாய்.

அந்தத் தொடரில் வரும் கோள், கப்பல், ஆள், நோய் எல்லாவற்றையும் அகரவரிசையில் எழுதிய கனத்த நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. வாசகர் பக்கத்தில் அவருடைய முகவரியைப் பார்த்து சுந்தரபாண்டியம், தேவதானம், இன்னும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் கார்டு போடுவார்கள். கதாசிரியர் முன்னால் இரண்டு நிலவு என்றாரே, இப்போது மூன்று என்கிறாரே, எது சரி என்று கேட்பார்கள். பாய் நோட்டைப் புரட்டித் தீர்ப்பு எழுதி அனுப்புவார். நானும் அப்படிக் கார்டு போட்டவள்தான். நோட்டு இருந்தால் போதுமா, படம் வேண்டாமா என்று கேட்டவளும் நான்தான். என் வாயால் நானே மாட்டிக்கொண்டேன்: ஞாயிறுதோறும் பாய் பஸ் ஏறி சென்டருக்கு வந்துவிடுவார், நான் படம் போட வேண்டும்.

கதாசிரியர் தூரத்தைச் சொல்லவே மாட்டார். 'மூன்று நாள் பயணம்' என்று நாள் கணக்கோடு நிறுத்திக்கொள்வார். எல்லாக் கப்பலும் ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று காம்பஸால் வட்டம் போட்டு, வட்டங்கள் வெட்டுகிற இடத்தில் கோளை வைத்து, அந்த இடத்தை, 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதிய புரோகிராமில் ஏற்றினேன். இரண்டு கோள்களின் எண்ணைத் தட்டினால் திரையில் இரண்டு புள்ளிகளும் மின்னும், நடுவே கோடு ஓடும், கீழே எத்தனை நாள் என்று வரும். முதல் தடவை கோடு ஓடியபோது பாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். படம் முடிந்ததும் அச்செடுத்து, கார்டு போட்ட எல்லோருக்கும் அனுப்புவதாக இருவருமாகச் சேர்ந்து எழுதித் தொலைத்தோம்.

நாற்பது கோள்கள் சமத்தாக உட்கார்ந்தன. தாழையில்தான் வினை. கதையில் அங்கே ஒரு பெண் டாக்டர் இருப்பாள். ஊரெல்லாம் காய்ச்சல் பரவி அவளும் படுத்துவிடுவாள். செய்தி போய், கருமேடு என்ற கோளிலிருந்து மருத்துவக் கப்பல் உடனே கிளம்பும். ஒன்பதாம் நாள்தான் வந்து சேரும். அவள் ஏழாம் நாளே இறந்திருப்பாள். ஆனால் மற்ற மூன்று கோள்களிலிருந்து வட்டம் போட்டுப் பார்த்தால் கருமேட்டிலிருந்து தாழைக்கு ஐந்தே நாள். எப்படிப் போட்டாலும் ஐந்து.

பாய் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "டீச்சர், தாழையைச் செத்த தள்ளி வைக்கணும்" என்று ஆரம்பிப்பார். தள்ளி வைத்தால் மற்ற மூன்று வழிகளும் பிசகும். அவற்றைச் சரிசெய்தால் வேறு ஆறு கோள்கள் நகரும், கடைசியில் தாழையைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டியிருக்கும். ஒருநாள் மாலை வரை உட்கார்ந்து மாற்றிவிட்டு, ஃபிளாப்பியில் போடப் போகிற நேரத்தில் கரண்டு போனது. மறுவாரம் வந்து, "இன்னும் ரெண்டு புள்ளி தள்ளுனா என்ன டீச்சர்?" என்றார். சிலேட்டு இருந்தால் அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

பதினோராவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பாய், கோள் இருக்குற எடத்துலதான் இருக்கு. கப்பல்காரன் வழியில எங்கயாவது நின்னு நின்னு வந்திருப்பான். அம்புட்டுதான்."

"மருத்துவக் கப்பல் நிக்காது டீச்சர். தூரமாத்தான் இருக்கணும்."

"தூரமே இல்ல. அந்த ஆளு நேரா வந்திருந்தா அந்தம்மா பொழச்சிருக்கும். ஒருத்தன் செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் கோளைத் தூக்கிட்டு அலையிறீக?"

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி நான்கு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை.

"எங்க வீட்ல வயித்து வலின்னு துடிச்சா. ஒடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னு இங்க டாக்டர் சொல்லிட்டாரு. ஸ்டாண்டுல வாடகைக் கார் நின்னுச்சு. டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். எதுத்தாப்புல மதுரை பஸ் பொறப்படுற மாதிரி நின்னுச்சு, ஏத்திட்டேன். நேரா போற வண்டின்னு நெனச்சேன். போர்டைப் பாக்கல. கிருஷ்ணன்கோயில்ல நின்னான். அழகாபுரில நின்னான். கல்லுப்பட்டில டீ குடிக்க எறங்கிட்டான். திருமங்கலம் தாண்டல டீச்சர், மௌத்தாயிட்டா. அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாக."

பத்து ஞாயிறுகளாக இந்த மனிதரிடம் நான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மெஷின் பக்கம் திரும்பி, தாழையை ஒன்பது நாள் தூரத்துக்குத் தள்ளினேன். மற்ற வழிகள் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சரியான படம் யாருக்கு வேண்டும்?

பாய் நாற்காலியை இழுத்துப்போட்டு, கருமேடு எண்ணையும் தாழை எண்ணையும் தட்டினார். கோடு நீளமாக ஓடியது. ஒன்பது நாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே இருகதிர் என்ற கோளிலிருந்து தாழைக்குத் தட்டினார். கதையில் அது இரண்டு நாள் வழி. திரையில் ஆறு என்று வந்தது. நோட்டைத் திறந்து, அந்த வழியைப் பற்றி வந்திருந்த கார்டை எடுத்துப் பார்த்தார்.

"தேவதானத்துக்காரரு இதைக் கேட்டு எழுதியிருக்காரு. அவருக்கு என்ன பதில் போட?"

"ஏதாச்சும் போடலாம் பாய். இப்படியே இருக்கட்டும்."

"வேண்டாம் டீச்சர். பழைய எடத்துலயே வச்சிருங்க."

வைத்தேன். எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன். கருமேட்டிலிருந்து தாழைக்கு அவர் மறுபடி தட்டினார். குட்டையாக ஒரு கோடு ஓடி நின்றது.

"அஞ்சு நாள்தான் டீச்சர்" என்றார். "நேரா வந்திருக்கலாம்."