விருந்துக்கு மூன்று பேர்

இன்று காலை, ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில் வழக்கமாக உட்கார்ந்து குடிக்கும் கடையில், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் ஒன்றை வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கச் சொன்னேன். கடைக்காரர் மூடி போட்ட காகிதக் கோப்பையை நீட்டினார்.

"பிளாஸ்டிக்ல கட்டித் தரலாமே?" என்றேன்.

"அதெல்லாம் இப்ப இல்லண்ணே. கயிறு கட்ட யாருக்கு லா நேரம் இருக்கு?"

அவருடைய அப்பா கல்லாவில் இருந்த காலத்தில், தேநீரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஒரு மூலையில் சிவப்புக் கயிற்றால் ஒரே சுண்டில் முடிச்சுப் போட்டுத் தருவார். மோட்டார் சைக்கிளின் கொக்கியில் மாட்டினால் வீடு வரும்வரை முழங்காலைச் சுட்டுக்கொண்டே ஆடிவரும். அப்படிப்பட்ட பை ஒன்றுதான் என் குடும்ப வாழ்க்கையைத் தொடங்கி வைத்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையைப் பார்த்தபடி ஒரு வாடகை வீடு. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். மனைவி, சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னம்மா வீட்டில் வளர்ந்தவள். நான் எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். பசியாறலாமா? ம். ஈப்போ பாசாருக்குப் போலாமா? ம். பேச்சு வளர்க்க வேண்டுமே என்று, ஒருநாள் தொழிற்சாலை இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் முறையை அரைமணி நேரம் விளக்கினேன். அதற்கும் ஒரு ம். இப்போது நினைத்தால் அவள் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கல்யாணத்துக்குக் கட்டிய தென்னோலைத் தோரணம் முன்வாசல் கூரைக்குக் கீழே காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும், "அத கழட்ட ஒனக்கு நல்ல நாள் பாக்கணுமா?" என்பார். சோம்பேறித்தனத்தில் எனக்கு நிகர் நானேதான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் ஏறி, மேலே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஓலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

ஓலையோடு ஒரு புறாக்கூடும் வந்து விழுந்தது. கூடு என்று சொல்வதே அதிகம், நாலைந்து சுள்ளிதான். மணிப்புறாக்களுக்கு வீடு கட்டுவதில் என்னைப் போலவே அக்கறை குறைவு. உள்ளே இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்று விழுந்த அடியில் அசையவில்லை. மற்றது, மஞ்சள் மயிர் குத்திட்டு நிற்க, உடம்புக்கு மீறிய அலகோடு என்னைப் பார்த்தது.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். கீழே பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"பாத்து எடுக்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். திட்டு வாங்கியும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை ஒப்புக்கொள்கிறேன்.

செத்த குஞ்சைப் பூச்செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம். உயிரோடு இருந்ததை ஒரு காய்கறிக் கூடையில் வைத்து, பழைய இடத்திலேயே கட்டிவிட்டோம். தாய்ப்புறா சாயங்காலம்வரை மின்கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்து போய்விட்டது. அதற்குமேல் வெளியே விட்டால் பூனை பார்த்துக்கொள்ளும் என்று குஞ்சை உள்ளே கொண்டு வந்தோம்.

எங்களுக்குத் தெரிந்த பறவை வளர்ப்பெல்லாம் மைனாதான். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சின்ன வயதில் ஒரு மைனாக் குஞ்சு வளர்த்த கதை இருக்கும். தலைக்குமேல் விரலை ஆட்டினால் மைனா வாயை ஆவென்று பிளக்கும், ஒரு உருண்டையைப் போட்டால் தீர்ந்தது வேலை. நாங்களும் சோற்று உருண்டையைப் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி அதன் முன்னால் "ஆ" காட்டினோம். அது வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் விரலிடுக்கில் அலகை நுழைத்து முட்டியது, அவ்வளவுதான். பிடிவாதக் குஞ்சு என்று நினைத்தோம்.

மறுநாள் காலை அது தலையைத் தொங்கப்போட்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், துணி காயப்போட வந்தார். அவர் வீட்டில் கூண்டுப் புறாக்கள் உண்டு. எட்டிப் பார்த்தவர் மலாயில் சொன்னது இதுதான்: புறாக்குஞ்சு வாயைப் பிளக்காது, அம்மா வாய்க்குள் அலகை விட்டுத்தான் குடிக்கும்.

அம்மா வாய்க்கு எங்கே போவது? மனைவி சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். நான் குடித்துவிட்டுப் போட்ட தேநீர்ப் பை கண்ணில் பட்டது. அதைக் கழுவி, மூலையில் சின்னதாக ஒரு கீறல் போட்டாள். பச்சைப்பயறும் அரிசியும் குழைய வேகவைத்து, அரைத்து, வெதுவெதுப்பாக அதில் ஊற்றிப் பிடித்தாள். குஞ்சு அலகைக் கீறலில் நுழைத்தது. அப்புறம் பாருங்கள், உடம்பெல்லாம் நடுங்க நடுங்க ஒரே உறிஞ்சல். தொண்டைப்பை பந்தாக வீங்கியது. மனைவி முகமெல்லாம் கஞ்சி தெறிக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதுவரை நான் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை சின்னம்மா வீட்டில் விருந்து. புதுசாகக் கல்யாணமானவர்களை உறவினர்கள் வாரம் ஒருவராகக் கூப்பிடும் காலம் அது, தப்பிக்க முடியாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சி கேட்கும் குஞ்சை யாரிடம் விடுவது? கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் பெட்டியில் துணி விரித்து, அதையும் எடுத்துக்கொண்டு, நண்பனின் காரை இரவல் வாங்கிக் கிளம்பினோம்.

வழியில் மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "சின்னம்மாகிட்ட சொல்லாதீங்க."

"ஏன்?"

"நம்ம கல்யாணத் தோரணத்துல கட்டுன கூடு. நாமதான் கலச்சிருக்கோம். தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவாங்க." கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகச் சேர்த்தாள். "எனக்கே அப்படித்தான் இருக்கு. இதுவும் செத்துச்சுன்னா நம்ம குடும்பம் நல்லா இருக்குமான்னு பயமா இருக்கு."

சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த சின்னம்மா வீட்டில் ஒரே ஓர் அறை. போய்ச் சேர்ந்ததும், "களைப்பா இருக்கு" என்று இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். பயணக் களைப்பு, யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியிலிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. மனைவி என்னைப் பார்க்க, மறுபடி உள்ளே போனோம். கூடத்தில் பெண்களின் அடக்கிய சிரிப்பு கேட்டது. சித்தப்பா, "மாப்பிள்ளைக்கு அசதி லா, விடுங்க" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். விருந்தில் காடைக் குழம்பு வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தவனை நினைத்து எனக்கு இறங்கவில்லை. "பொண்ணையே பாத்துக்கிட்டிருந்தா பசிக்குமா?" என்றார் சித்தப்பா.

சாப்பாடு முடிந்து மூன்றாவது தடவை உள்ளே போனபோதுதான் சின்னம்மா பாயசத்தோடு கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் தலையோடு தலை முட்டத் தரையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் தேநீர்ப் பை, அதற்குள் தலையை விட்டபடி புறாக்குஞ்சு.

"என்னாடி இது?"

மனைவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கூடு, தோரணம், செத்துப்போன மற்றொன்று, எல்லாம். கடைசியில் அழுதாள். சின்னம்மா பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, குஞ்சு குடித்து முடிக்கும்வரை பார்த்தார்.

"மூணு பேரா வாரோம்னு முன்னயே சொல்ல மாட்டீங்களா?" என்றார். "பயறு நைஸா அரையல பாரு. குடு, நான் அரச்சித் தாரேன்."

மூன்று வாரத்தில் அதற்கு முழு இறக்கை வந்தது. முதலில் குளிர்பெட்டி மேல் பறந்து உட்கார்ந்தது, பிறகு வெளிக்கதவில், பிறகு மின்கம்பியில். ஆனால் சாயங்காலம் நான் தேநீரோடு வீடு திரும்பிப் பையைச் சரசரவென்று கசக்கினால் எங்கிருந்தாலும் வந்து தோளில் இறங்கும். அக்கம்பக்கத்தில் யார் கையில் பை இருந்தாலும் இறங்கியது. ஒருநாள் மாக்சிக் வாங்கி வந்த மீன் பைமேல் உட்கார்ந்து அவரை அலற வைத்தது. இரண்டு மாதம் கழித்து, கம்பியில் அதன் பக்கத்தில் இன்னொரு புறா உட்கார்ந்திருந்தது. எவ்வளவு கசக்கியும் எங்களுடையது இறங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுங்க, அதுக்கும் குடும்பம் ஆயிருச்சு" என்றாள் மனைவி.

அந்த லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருக்கிறார்கள், எந்த இடத்தில் அந்த அறை இருந்தது என்று எங்களாலேயே காட்ட முடியவில்லை. சின்னம்மாவும் இல்லை. மாக்சிக் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். தேநீர்ப் பை இல்லை என்பது இன்று காலைதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இப்போதெல்லாம் "ம்" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பேச்சு முழுக்க அவளுடையது. ஆனால் இதைக் கேட்டதும் அவள் எழுந்து உள்ளே போனாள். சமையலறை இழுப்பறையைக் குடைந்து, மஞ்சள் படிந்த ஒரு பழைய பையை எடுத்தாள். மூலையில் சின்னதாக ஒரு கீறல். இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை.

வாசலில் நின்று அதைக் கசக்கினாள். கம்பியில் நாலைந்து மணிப்புறாக்கள் இருந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இன்னொரு முறை கசக்கினாள். நான் மட்டும் பக்கத்தில் போய் நின்றேன்.