கேட்டை நட்சத்திரத்துக்கு ஆறு வெள்ளி

இது நிகழ்வதற்கு முன் என் நிலை என்ன என்பதை அடியார்கள் அறிந்திருக்க வேண்டும். நான் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன். யாழ்ப்பாணத்தில் பதினொரு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு அதைக் கற்பித்தேன். இலண்டனில் ஓய்வுபெறும் வரை ஆய்வுகூடம் ஒன்றில் பொறுப்பான பதவி வகித்தேன். நான் வசிக்கும் தென் இலண்டன் மிச்சம் (Mitcham) பகுதியில் என்னைப் பெயர் சொல்லி எவரும் அழைப்பதில்லை, மாஸ்டர் என்பார்கள். எங்கள் கோவிலின் வாணி விழாப் பரிசுகளை ஒன்பது ஆண்டுகளாக என் கையால் வழங்கியிருக்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

என் ஒரே மகள் ஆரபி இரசாயனப் பொறியியல் படிக்க விரும்பினாள். அதற்குப் பல்கலைக்கழக அனுமதித் தேர்வு ஒன்று உண்டு. முதல் ஐப்பசியில் எழுதினாள். ஒன்பதுக்குக் கணிதத்தில் ஆறு தசம் எட்டு. இரசாயனவியலில் இரண்டு தசம் ஒன்பது. இடம் மறுக்கப்பட்டது. என் பாடத்தில், என் வீட்டில். அடுத்த ஐப்பசியில் இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் தவறினால் அந்தப் படிப்பை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

மறு வாரம் கோவிலில் செருப்பு வைக்கும் இடத்தில் செயலாளர் குகதாசன் என்னை மறித்தார். சுற்றிலும் ஆறேழு பேர் நின்றார்கள்.

"மாஸ்டர், மகளின்ர றிசல்ட் என்ன மாதிரி? சத்தமே காணேல்லை. எல்லாற்ற பிள்ளையளின்ர புள்ளியையும் நீங்கள்தானே கேட்டுத் திரியிறனீங்கள்."

ஒரு பதில் சொன்னேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அந்தப் பதில் ஆரபியின் காதுக்கும் எட்டியது. அன்றோடு அவள் கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். காரணம் கேட்டேன். "நீங்கள் சொன்னதுக்கு நான் நடிக்க ஏலாது, அப்பா" என்றாள்.

தை மாதம் முதல் நானே அவளுக்குக் கற்பித்தேன். நாள்தோறும் மாதிரி வினாத்தாள் ஒன்று. இருபத்தேழு கேள்வி, நாற்பது நிமிடம். சரியான விடையைத் தெரிவு செய்தால் போதும், செய்கை கேட்கப்படுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் சமன்பாட்டை முழுமையாக எழுதி, சமப்படுத்தி, விடையின் கீழ் அடிமட்டம் வைத்துக் கோடு போடச் செய்தேன். பிழை விட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி மீண்டும் எழுதுவித்தேன். நான் கற்றதும் கற்பித்ததும் அப்படித்தான். பத்தாவது கேள்விக்குள் நேரம் முடிந்துவிடும். புள்ளி ஏறவில்லை. பங்குனியில் மகள் என்னோடு பேசுவதையும் நிறுத்தினாள். நான் கெட்டிக்காரனாக இருந்த ஒரே விடயம் என் மேசையிலேயே தோற்றுக்கொண்டிருந்தது.

முருகனை விட்டால் வேறு வழி தெரியவில்லை. ஆனால் எங்கள் கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தால், ஐயர் பெயரை உரக்கச் சொல்வார், குகதாசனும் கேட்பார். ஆகவே மோர்டனில் ரயில் ஏறி, நகரின் மறுபுறத்தில் ஆர்ச்வேயில் உள்ள முருகன் கோவிலுக்குப் போனேன். அங்கேயும் எனக்குப் பின்னால் எங்கள் மிச்சம் பகுதித் தம்பதி ஒன்று நின்றது.

"மாஸ்டர், இவ்வளவு தூரம்? ஏதும் விசேஷமோ?"

நான் பதில் சொல்வதற்குள், "பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ" என்றார் அர்ச்சனைச் சிட்டை எழுதுபவர்.

என் பெயரைக் கொடுத்தேன். நட்சத்திரம் கேட்டை. மனதுக்குள் மட்டும் மகளின் புள்ளியைத் திருத்தும்படி வேண்டினேன். தொடர்ந்து ஆறு வெள்ளிக்கிழமைகள் அவ்வாறே செய்தேன். காலையில் போனால் வீடு திரும்பப் பின்னேரம் ஆகிவிடும்.

ஆறாவது வெள்ளி நான் திரும்பியபோது, என் மனைவி வரதா மேசையில் இரண்டு கட்டு விடைத்தாள்களை வைத்திருந்தாள்.

"இது வெள்ளிக்கிழமையில எழுதினது. மற்றது உங்களோட இருந்து எழுதினது. நான்தான் விடையைப் பாத்துத் திருத்தினனான்."

என்னோடு எழுதியவற்றில் ஏழு, எட்டு, ஆறு. வெள்ளிக்கிழமைத் தாள்களில் பதினாறு, பதினேழு, பத்தொன்பது.

"வெள்ளியில என்ன வித்தியாசம்?" என்றேன்.

"நீங்கள் பி.எஸ்ஸி. எல்லோ. யோசிச்சுப் பாருங்கோ."

படியில் நின்ற ஆரபி மாதக் கணக்கில் முதல் தடவையாகப் பேசினாள். "அப்பா, நான் பேனையைத் தூக்க முதலே பிழை எண்டுறீங்கள். நீங்கள் பக்கத்தில இருந்தா எனக்கு ஏலாது."

கோபத்தில் சொல்லத்தகாத வார்த்தை ஒன்றைச் சொன்னேன். வீட்டை விட்டு வெளியேறி ட்ராம் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். மூன்று ட்ராம்கள் போயின. ஏறவில்லை.

பரிசோதனையில் ஒரு பொருளை மட்டும் நீக்கிப் பார்த்தால், அது செய்த வேலை தெரியும். இதை எத்தனையோ மாணவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் படிக்கும் அறையிலிருந்து நீக்கப்பட்டது நான். நீக்கியவன் முருகன். திருத்த வேண்டியது யாரை என்று கேட்டபோது, நானே பெயரும் நட்சத்திரமும் கொடுத்திருந்தேன். அவன் தவறான ஆளிடம் போகவில்லை.

அன்று முதல் அந்த அறைக்குள் நான் கால் வைக்கவில்லை. அது எளிதாக இருக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று, கோடு போடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்த நாட்கள் உண்டு. கேட்கவில்லை. ஐப்பசியில் மீண்டும் எழுதினாள். இரசாயனவியலில் ஆறு தசம் நான்கு. இடம் கிடைத்தது.

இப்போது நான் பிறர் பிள்ளைகளின் புள்ளியை விசாரிப்பதில்லை. வாணி விழாப் பரிசுகளை வேறொருவர் வழங்குகிறார். அறையை விட்டு வெளியேறும் அறிவைத் தந்த முருகனுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். பிள்ளைக்காகக் கலங்கும் பெற்றோர் அவனை நம்பிப் போகலாம். சிட்டை எழுதுபவரிடம் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

இனி, ஊரார் பேசுவது. குகதாசனின் மருமகன் நடத்தும் டியூஷன் வகுப்பினாலேயே ஆரபி தேறினாள் என்கிறார்கள். அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. அவள் முதல் தடவை கடும் காய்ச்சலோடு பரீட்சை எழுதினாள் என்றும் சொல்கிறார்கள். எனக்கு ஆதரவாகச் சொல்பவர்களும் அதையே சொல்கிறார்கள். அவளுக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. செருப்பு வைக்கும் இடத்தில் அப்படிச் சொன்னவன் நான்.