பனிக்கைக்காரியின் பூமேசை

அந்தக் கேக் கடையில் அவளுக்குப் பனிக்கை என்றுதான் பெயர். க்ரீம் பூ வைக்கிறவளுக்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும். சூடான கையில் க்ரீம் பிழிகிற பையைப் பிடித்தால் உள்ளே க்ரீம் இளகி, ரோஜா முட்டைக்கோஸாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவள் வைத்த ரோஜா ரோஜாவாகவே இருந்தது. பூமேசை அவளுடையது. சொந்தமென்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்?

நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கை காலை வாரிவிட்டது. நெஞ்சில் குப்பென்று ஒரு சூடு கிளம்பி விரல் நுனிவரை பரவும். சட்டை வேர்வையில் தொப்பலாகும். அடுத்த நிமிஷம் நடுக்கம். தூக்கம் போயிற்று, ஞாபகம் போயிற்று. மாதவிலக்கு நின்று ஏழு மாதம். அதையும் இதையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. ஏதோ கெட்ட வியாதி என்று தானே தீர்மானித்து, செத்துச் செத்துப் பிழைத்தாள். புருஷனிடம் ஜாடையாகச் சொன்னாள். ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார் மகானுபாவர்.

கடைசியில் குளிர் அறைதான் கதியாயிற்று. சூடு கிளம்பினால் உள்ளே போய் நிற்பாள். உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்ததால், கதவு பூட்டிக்கொள்ளாமல் இடுக்கில் ஒரு க்ரீம் டின்னை வைப்பாள். திரும்பும்போது எடுத்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை டின்னை எடுக்க மறந்துவிட்டாள். அவளே முந்நூறு பூ வைத்த நாலடுக்குக் கல்யாணக் கேக் உள்ளே இருந்தது. மதியம் முழுக்கக் கதவு திறந்தே கிடந்தது. சாயங்காலம் எடுக்கப் போனால் மேலடுக்கு சரிந்து, பூவெல்லாம் தரையில் வழிந்திருந்தது.

முதலாளியம்மா டின்னைத் தூக்கிக் காட்டி, யார் வேலை இது என்று கேட்டாள். கேக்கைப் பெட்டியில் வைத்துக் கட்டுகிற பேக்கிங் பெண்கள் இருவரையும் முறைத்தாள். பழி அவர்கள் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பனிக்கையால் முடியவில்லை. நான்தான் என்றாள். முதலாளியம்மா அவளை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“உள்ள உனக்கு என்ன வேலை?”

“உடம்பு எரியுதும்மா. நான் பொழைக்க மாட்டேன்.” அதற்குமேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள்.

முதலாளியம்மா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். இது சாவு இல்லை, மாதவிலக்கு நிற்கிற காலம் என்று அடிக்குரலில் சொன்னாள். தனக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்ததாம். பொம்பளை டாக்டர் பரிசோதித்துக் கொடுத்த மருந்தில் அடங்கியதாம். ஆளுக்கு ஆள் மருந்து மாறும், நீயும் போய்ப் பார் என்றாள். நடுவில் இரண்டு தடவை கதவைப் பார்த்துக்கொண்டாள்.

பனிக்கைக்குப் போன உயிர் திரும்பியது. பிறகுதான் வயிறெரிந்தது.

“அஞ்சு வருஷமா தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியேம்மா?”

“இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா?”

திங்கள் முதல் அவளுக்குப் பேக்கிங் வேலை. பூமேசைக்கு வேறு ஆள் வருவாள். யாராவது கேட்டால் கை வலி என்று சொல்லவேண்டும். முதலாளியம்மா அத்தோடு முடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தாள். பூமேசைப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். பேக்கிங் பெண்களில் மூத்தவள் என்ன ஆச்சு என்று கேட்டாள். கை வலி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முகமெல்லாம் வேர்த்து, கேக் பெட்டி மூடியால் விசிறிக்கொண்டே நின்றாள் அந்த மூத்தவள்.

பனிக்கை ஆபீஸ் கதவு வரைக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

“எனக்கு மாசாமாசம் வர்றது நிக்கிற காலம்டி. அதான் இந்தச் சூடு. உக்காரு, உனக்கும் சொல்றேன்.”