மணிமணியான கையெழுத்து

சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொத்தான் தைத்தே தேய்ந்தவள், அதனால் எல்லாருக்கும் அவள் பொத்தான்காரி. நாற்பது வயது வரை எங்கே போனாலும் கட்டைவிரல் ரேகைதான். விரல் மையைத் தலைமுடியிலேயே துடைத்துக்கொண்டு வீடு திரும்புவாள். புருஷன் இறந்த பிறகு, அம்மா விட்டுப்போன ஒற்றை அறையில் மகளோடு இருந்தாள். அதில் பாதி அவளுக்கு, பாதி அண்ணனுக்கு.

முழுச் சட்டை தைக்கப் பழகலாமென்று பெண்கள் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். அங்கே முதல் வாரமே கையெழுத்துப் போடப் பழக்கிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ரேகை இருந்தால் மேலிடத்துக்குப் பிடிக்காதாம். எழுத்துக் கூட்டிப் படிப்பது மூன்றாம் மாதம், உரிமை வகுப்போடு. என்ன கணக்கோ, யார் போட்ட கணக்கோ!

கையெழுத்து வந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலண்டரில் போட்டாள், அரிசிப் பையில் போட்டாள். "என் நோட்டையாவது விடும்மா" என்று மகள் கெஞ்சினாள்.

இரண்டாம் மாதம் அண்ணன் வந்தான். தண்ணீர் இணைப்புக்குக் காகிதம் என்று சொல்லிப் பத்திர அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். குமாஸ்தா மைப்பெட்டியைத் திறந்தார். ரேகை என்றால் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்றார். அண்ணன் முகம் செத்துப்போனது.

அதைக் கவனித்தாளா அந்தப் பாவி?

"மை எதுக்கு சார்? பேனா குடுங்க, நான் கையெழுத்தே போடுவேன்" என்றாள். குமாஸ்தா மைப்பெட்டியை மூடினார், வாசிப்பையும் விட்டுவிட்டார். ஆறு இடத்திலும் மணிமணியாகப் போட்டாள்.

தன் பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்த பத்திரம் அது. மாத முடிவில் அறையைக் காலி பண்ணச் சொன்னான். மையத்துக்கு ஓடினாள். உரிமை வகுப்பெடுக்க வந்திருந்த வக்கீலம்மா பத்திரத்தைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ரேகை வச்சிருந்தா வாசிச்சுக் காட்டலைன்னு வாதாடலாம்க்கா. இவ்ளோ அழகா போட்டிருக்கீங்க. படிக்கத் தெரியாதுன்னா யாரு நம்புவா?"

மையத்து வருகைப் பதிவேட்டில் வேறு நாற்பது நாள் கையெழுத்து சாட்சிக்கு இருந்தது. தையல் டீச்சர் கையைப் பிசைந்தாள். அவளால் வேறென்ன முடியும்?

மறுநாள் காலை பதிவேடு வரிசையில் வந்தது. பொத்தான்காரி பேனாவைத் தொடவில்லை.

"டீச்சர், மைப்பெட்டி இருக்கா?" என்று கேட்டுக் கட்டைவிரலை நீட்டினாள்.