மூடி வைத்த ஏழு துவாரங்கள்

1996 பிப்ரவரி 3, சனிக்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. விடிவதற்கு முன் பெய்த பனி நின்றுவிட்டது, காற்றில்லை. வீட்டுக்குள் இருபத்தொரு டிகிரி. கூடத்துச் சுவரில் தெர்மாமீட்டரைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் மருமகள் விழுந்தாள்.

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். பால் பாத்திரம் அவளுக்கு முன்னால் விழுந்ததால் பெரிய சத்தமாகக் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் மகன் அவளைத் தூக்கி உட்கார வைத்திருந்தான். முகம் வெளுக்கவில்லை, நன்றாகச் சிவந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குத் தைரியம்கூட வந்தது.

மகன் டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தான். எடுத்த நர்ஸ் வரிசையாகக் கேள்வி கேட்டிருக்கிறாள். நாலாவதோ ஐந்தாவதோ கேள்விக்கு அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்குத் தலைவலி இருக்குதா?"

"அது இருக்குது ரெண்டு வாரமா" என்றாள் என் மனைவி.

"அப்பா, உங்களுக்கு?"

எனக்கும் இருந்தது. குளிரினால் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அவன் போனில் ஏதோ சொன்னான். பிறகு ரிசீவரை வைக்காமலே கத்தினான். "எல்லாரும் வெளிய போங்க! ஸ்வெட்டர் போட வேண்டாம், அப்படியே போங்க!"

நாங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். மருமகளின் தாயாருக்கு விசா கிடைக்காததால் பிரசவத்துக்கு என் மனைவியும் நானும் நவம்பரிலேயே நியூ ஜெர்சி வந்திருந்தோம். நான் முத்திரை ஆய்வாளராக முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன். கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைப்பது, குறைந்தால் பறிமுதல் செய்வது. விற்கிறவன் எவனையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை.

டிசம்பர் முதல் வாரம், வருடாந்திரச் சோதனைக்கு ஒரு ஹீட்டர்காரர் வந்தார். வீட்டின் கீழ்த்தளத்தில் பீரோ அளவுக்கு நிற்கும் கேஸ் ஹீட்டர் அது. அதில் சூடாகும் காற்று தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் போய்த் தரையில் உள்ள துவாரங்களில் வெளியே வரும். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, துருப்பிடித்திருக்கிறது, ஜுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடுகிறது, இருபத்தேழு வருடப் பழசு, மாற்றிவிடுங்கள் என்றார்.

"மாத்தீரலாமாப்பா?" என்று மகன் கேட்டான்.

"ஓடற சாமான எதுக்குடா தூக்கிப் போடறது? வீடு சூடா இருக்குதா இல்லியா?"

"இருக்குதுங்கப்பா."

"அப்பறம் என்ன? புதுசு விக்கறவன் பழசு நல்லா இருக்குதுன்னா சொல்லுவான்?"

அவன் ஹீட்டர்காரரை அனுப்பிவிட்டான். முப்பத்தோரு வயது, பெரிய கம்பெனியில் வேலை. ஆனாலும் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவன். அன்று அவன் என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

நான் சும்மா சொல்லவில்லை. அளந்துதான் சொன்னேன். தினமும் காலையில் கேஸ் மீட்டரைப் படித்தேன். ஹீட்டர் மணிக்கு எத்தனை முறை எரிந்து அணைகிறது என்று எண்ணினேன். வீட்டில் மொத்தம் பதினொரு துவாரங்கள். ஆள் இல்லாத அறைகளுக்கு எதற்குச் சூடு என்று தோன்றியது. மருமகள் படுக்கும் அறைதான் வடக்கு மூலை, அங்கேதான் குளிர் அதிகம். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஏழு துவாரங்களை அட்டை வெட்டி மூடி, டேப் ஒட்டினேன். அவள் அறை ஒன்றரை டிகிரி ஏறியது. "மாமா வந்தப்பறம்தானுங்க எனக்குக் கால் சில்லுனு இல்லாம தூக்கம் வருது" என்றாள். அந்த வார்த்தைக்காக இன்னொன்றையும் மூடியிருப்பேன்.

ஜனவரி நடுவில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. கூடவே குமட்டல்.

"தலைவலிக்குக் கூட ஆபீஸ்னா பயம் போலிருக்குதுங்க மாமா. அங்க போனா ஓடிப் போயிருது. சனி, ஞாயிறு ஊட்ல இருந்தா வந்து உக்காந்துக்குது" என்று சிரித்தாள்.

"அங்க வேல மும்முரத்துல தெரியறதில்ல கண்ணு. மாசமா இருக்கறவளுக்கு இதெல்லாம் இருக்கறதுதான். எனக்கு ஒம்பது மாசமும் இருந்துது" என்றாள் என் மனைவி. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குளிர் படக்கூடாது என்று அந்த அறைக் கதவைச் சாத்தியே வைத்தோம். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் வழிந்தது. அதையும் நான் பார்த்தேன். துடைத்தேன்.

அன்று எதிர்வீட்டிலிருந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டு, மகன் மருமகளையும் என் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கேஸ் கம்பெனி ஆளுக்கு வழி காட்ட நான் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து என் மேல் போர்த்திவிட்டுப் போனாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

இருபத்திரண்டு நிமிடத்தில் அந்த ஆள் வந்தார். கையில் ஒரு சிறிய மீட்டர். கதவைத் திறந்து இரண்டு அடி வைத்ததும் அது அலறியது. உள்ளே போய் ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நெடுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். ஹீட்டரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். நெருப்பு எரியும் இரும்புக் கூடு ஒன்று உள்ளே இருக்கிறது. நெருப்பின் புகை அதற்குள்ளேயே ஓடிப் புகைபோக்கிக்குப் போக வேண்டும். வீட்டுக் காற்று அதன் வெளிப்பக்கத்தை உரசிச் சூடாக வேண்டும். அந்தக் கூட்டில் என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதன் வழியாகக் கார்பன் மோனாக்சைடு வீட்டுக் காற்றில் கலந்திருக்கிறது. வாசனை இல்லாத விஷம். தலைவலி, சிவந்த முகம், ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீர் எல்லாம் அந்தப் புகையின் அடையாளங்கள்.

மாடிக்குப் போனவர் என் அட்டைகளில் ஒன்றை உரித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். இதை யார் ஒட்டியது என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. காற்றுப் போக வழி இல்லாவிட்டால் கூடு அளவுக்கு மேல் காய்ந்து விரிசல் விடும், பழைய இரும்பு சீக்கிரம் விடும் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு மீட்டரை எல்லா அறைக்கும் கொண்டுபோய், எண்களை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். ஒன்பது எண்கள். வடக்கு மூலை அறையின் எண்தான் எல்லாவற்றிலும் பெரியது. நான் அதை மூன்று தடவை படித்தேன். முப்பத்தேழு நாள், மற்ற அறைகளுக்குப் போக வேண்டியதையெல்லாம் மறித்து, அந்த அறைக்கு நான்தான் அனுப்பியிருக்கிறேன்.

மகன் திரும்பி வந்து என்னை அழைத்துப்போனான். காரில் தாளை நீட்டினேன். சிக்னலில் நின்றபோது வாங்கிப் படித்தான்.

"நான்தான்டா மூடினேன்."

"தெரியுங்கப்பா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரை எடுத்தான். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் மருமகள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்தது. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை; பக்கத்தில் ஒரு பெட்டியிலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பு டக்டக்கென்று கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்று நாற்பத்தாறு. அடுத்த நிமிடம் நூற்று நாற்பத்து நாலு. தாயைவிடக் குழந்தையின் ரத்தத்தில்தான் விஷம் அதிகம் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும் என்று டாக்டரம்மாள் சொல்லியிருந்தாள். இப்போதைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது, மற்றதைப் பிறந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றாளாம்.

"ஏனுங்க, எண்றத நிறுத்துங்க" என்றாள் என் மனைவி. நிறுத்த முடியவில்லை.

மருமகள் மாஸ்க்கை ஒரு பக்கம் தூக்கி, "மாமா, நீங்க ஒரு வா காப்பியாச்சும் குடிச்சீங்களா?" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

குழந்தை மே மாதம் பிறந்தது. பெண், ஆறு பவுண்டு ஐந்து அவுன்ஸ். குழந்தை டாக்டர் கை, கால், கண், காது எல்லாம் பார்த்து, குறை எதுவும் தெரியவில்லை என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடி சொன்னார். அவள் குப்புற விழுந்த நாளையும் முதல் அடி வைத்த நாளையும் ஊரிலிருந்து போனில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அந்தந்த மாதத்தில்தானா என்று குழந்தை வளர்ப்புப் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்தேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கூட்டல் கணக்கு போடுகிறாள். அவளுக்குத் தலைவலி என்று யாராவது சொன்னால் இன்றும் ஹீட்டரைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.

புது ஹீட்டரை மருமகள் விழுந்ததற்கு அடுத்த திங்கட்கிழமையே மாட்டினார்கள். மகன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், என் ஓய்வுப் பணத்தில் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்துக் கொடுத்தேன். ஹீட்டருக்கும் கூலிக்கும் 2,780 டாலர், மாடிக்கொன்றும் கீழ்த்தளத்துக்கொன்றுமாக விஷக்காற்று அலாரம் இரண்டு 84, ஆஸ்பத்திரியில் எங்கள் பங்கு 50. ஆக 2,914 டாலர். டாலருக்கு முப்பத்தாறு வீதம், ஒரு லட்சத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு ரூபாய்.