முடிச்சூரில் ஓர் அகழி

முடிச்சூரில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற சுப்பராயலு, வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து, தன் புது வீட்டைச் சுற்றி அகழி வெட்டினார். மேலே பாலம். பாலத்தைத் தாண்டினால் உயர்ந்த வாசல். அதற்குள் வழி சட்டென்று வலப்பக்கம் திரும்பும்.

“யானை மேல வந்தாலும் எதிரி நேரா உள்ள பூந்துட முடியாது” என்பார், ஊரில் யாரிடமும் யானை இல்லாதபோதும்.

மனை வாங்கியவர்களின் சாக்கடைதான் அகழியில் நிறைந்தது. கொசு மட்டும் தடையில்லாமல் படையெடுத்தது.

தொண்ணூற்றிரண்டில் அம்பாசடர் வாங்கினார். வாசலின் அந்தத் திருப்பத்தில் அதுவும் திரும்பவில்லை. பாலத்துக்கு வெளியே, சாலையோரம் நிறுத்திவைத்தார். ஒருநாள் காலையில் கார் இல்லை.

பாலத்தில் திகைத்து நின்றவரைப் பார்த்து மனைவி பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னாய்யா, ஊருல இல்லாத கோட்டைய கட்டிட்டு, காரைக் கோட்டை வுட்டுட்டு நிக்கிறியே!”