ஏற்றத்தில் இழுக்காத வண்டி

சோலோக் ஊரில் நெலியின் கோபத்தை அறியாதவர்கள் குறைவு. பஸ் நிலையத்துக்கு வெளியே பாடாங் நகரத்துக்குப் போகும், ஏழு பேர் உட்காரும் வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் வண்டி ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான். முழுப்பெயர் ரோஸ்நெலி. இளையவர்களுக்கு உனி நெலி, அதாவது நெலி அக்கா. வரிசையை முந்திக்கொண்டு ஆள் ஏற்றுகிறவனை நேராகத் திட்டமாட்டாள். அவன் அம்மாவின் பெயரைச் சொல்லி, "அந்த மகராசி வயித்துல நீ எப்படிடா வந்து பொறந்தே?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள்.

பிழைக்கப் போகிறேன் என்று ஜம்பிக்குப் போன புருஷன், அங்கே இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்டான். நெலி அழுததை யாரும் பார்க்கவில்லை. அவன் சட்டைகளை மூட்டை கட்டி ஜம்பி பஸ்ஸின் கூரையில் எறிந்ததைத்தான் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அவன் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை அவளே எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்துவிட்டாள்.

அந்த வண்டிதான் ஒரு மழைக்காலத்தில் அவளை ஏமாற்ற ஆரம்பித்தது.

பாடாங்கிலிருந்து திரும்பும்போது லுபுக் பராக்கு கடைத்தெருவைத் தாண்டினால் சித்திஞ்சாவ் ஏற்றம். ரோடு சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அன்று முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, பின்னால் ஒரு மீன் லாரி. இரண்டாவது கியரில் பெரிய வளைவுக்குள் நுழைந்தபோது வண்டி திடீரென்று தளர்ந்தது. நெலி ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். சத்தம்கூடக் கூடவில்லை. தொண்டையை யாரோ பிடித்துக்கொண்டது போல இன்ஜின் முனகி அணைந்தது. மீன் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வளைவில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டுகிற ஆட்கள் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார்கள்.

கருவாட்டு வியாபாரி ரம்லான் பின்சீட்டிலிருந்து சொன்னார்: "இதுக்குத்தான் சொல்றது, இந்த ஏத்தத்துக்கு ஆம்பளைக் கால் வேணும்னு."

"உங்க காலு ரெண்டும் சும்மாதானே கெடக்கு? இறங்கித் தள்ளுங்க."

ரம்லான் இறங்கவில்லை. தேவையும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நெலி சாவியைத் திருப்பியபோது, ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பி ஏறிவிட்டது. அதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. கெட்டுப்போன வண்டி கெட்டே கிடக்க வேண்டாமா?

சோலோக்கில் அவள் வழக்கமாக விடுவது எட்வாரின் பட்டறையில். அவன் பிளக்குகளை மாற்றினான், சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டினான். "பட்டு மாதிரி போகுது உனி." அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் அதே முனகல். காற்று வடிகட்டியை மாற்றினான், இக்னிஷன் காயிலை மாற்றினான். மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவை அவள் வந்தபோது அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"பெட்ரோல் எங்க போடுறீங்க?"

"லுபுக் பராக்குல. எத்தெக் ஜஸ்கிட்ட."

"பாட்டில் பெட்ரோலா? அப்ப தண்ணி கலந்திருக்கும். அதைப் போட்டுட்டு என்னை வந்து கேட்டா நான் என்ன பண்றது?"

அவ்வளவு போதுமாக இருந்தது நெலிக்கு. மறுநாள் லுபுக் பராக்குவில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். எல்லாரும் எத்தெக், அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற ஜஸ் வயதான மனுஷி. பலகையில் வரிசையாக அடுக்கிய பெட்ரோல் பாட்டில்கள்தான் அவள் கடை. அப்போது யாருக்கோ புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்ணியைக் கலந்து விக்கிறதுக்கு ஆத்துலயே ஒரு பாட்டில் மொண்டு விக்கலாமே எத்தெக்! வளைவுல ஆறு உசுரோட நின்னேன். உருண்டிருந்தா நீங்களா வந்து தூக்குவீங்க?"

பக்கத்துச் சாத்தே கடையில், குச்சியில் குத்திச் சுட்ட கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எத்தெக் ஜஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நெலி விடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பலகை முன்னால் வண்டி நிற்பது அநேகமாக ஓய்ந்துபோயிற்று.

நெலி பெட்ரோல் பங்கில் போட ஆரம்பித்தாள். டேங்க் நிரம்ப இருந்த நாட்களில் வண்டி ஒழுங்காக ஏறியது. பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய ஒரு மத்தியானம், அதே வளைவில் வண்டி மறுபடியும் முனகி அணைந்தது.

அன்று மட்டும் அவள் யாரையும் திட்டவில்லை. திட்ட ஆள் இல்லை. கோபம் உள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தது. இறங்கி டேங்க் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று இழுக்கவில்லை. மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைபடவில்லை. ரம்லான் அன்றும் வண்டியில் இருந்தார்.

"முன்னால வந்து உக்காருங்க. நான் சொல்றப்போ சாவியை மட்டும் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"எனக்கு எதுக்கும்மா வம்பு?"

"ஆம்பளைக் கைதானே? திருப்புங்க."

நடுசீட்டில் இருந்தவர்களை இறக்கிவிட்டு, அந்த சீட்டில் காதை வைத்தாள். அதற்கு அடியில்தான் பெட்ரோல் பம்ப். சாவி போட்டதும் தேனீ மாதிரி ஒரு சத்தம் அங்கே கேட்கும். இத்தனை வருஷத்தில் அது அவளுக்கு மனப்பாடம். இப்போது அது தேனீ இல்லை. வலியில் ஊளையிட்டது. காத்திருந்து மறுபடி திருப்பச் சொன்னாள். ஊளை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். மூன்றாம் முறை தேனீ.

நெலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பம்ப் கெட்டிருந்தால் கெட்டேதான் இருக்கும். பம்பின் வாயை ஏதோ ஒன்று வந்து மூடுகிறது. ஏற்றத்தில் பம்ப் பலமாக உறிஞ்சும்போது வந்து ஒட்டிக்கொள்கிறது. வண்டி நின்று கொஞ்ச நேரம் ஆனதும் விட்டுவிடுகிறது. டேங்க் நிரம்ப இருந்தால் விலகி மிதக்கிறது போலும். தண்ணீர் அப்படிச் செய்யாது.

நேராக எட்வாரின் பட்டறைக்குப் போனாள்.

"டேங்குக்குள்ள பாக்கணும்."

"அதெல்லாம் வேண்டாம் உனி. பெரிய வேலை."

"ஸ்பானரைக் குடு."

"உனி, நான் சொல்றதைக் கேளுங்க."

"இவ்வளவு நாள் உன்னைத்தான் கேட்டேன்!"

அவளே சீட்டைக் கழற்றினாள். அடியிலிருந்த மூடியைத் திறந்து பம்பைத் தூக்கினாள். பம்ப் சுத்தமாக இருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். விரலில் வழவழவென்று ஏதோ சிக்கியது. இழுத்தாள். பெட்ரோல் சொட்டச்சொட்ட ஒரு துணி வந்தது, மஞ்சள் பூப்போட்ட பாத்திக் துணி. பட்டறை மூலையில் கை துடைக்கிற துணிக் குவியல் கிடந்தது. அதிலும் அதே மஞ்சள் பூ. பழைய திரையைக் கிழித்துப் போட்டது.

இந்த மழைக்காலம் தொடங்கக் கொஞ்சம் முன்னால் பம்ப் மாற்றியது எட்வார்தான். மாற்றும்போது தூசி விழாமல் இருக்க டேங்கின் வாயில் துணி அடைத்திருக்கிறான். அது உள்ளே நழுவியதைப் பார்க்கவில்லை.

எட்வாரின் முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம விழுந்திருக்கும் உனி. மாத்துன சாமான் எல்லாத்துக்கும் காசை நான்..."

"சாமான் கெடக்கட்டும். ஒரு கெழவி வாயில மண்ணைப் போட வெச்சுட்டியே! வண்டியில ஏறு."

"எங்க?"

"நான் நாலு பேர் முன்னாடி சொன்னேன். நீயும் நாலு பேர் முன்னாடி சொல்லு."

டேங்கில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. இனியும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே போடவில்லை. எட்வாரின் மடியில் ஒரு கவரில் அந்தத் துணி.

லுபுக் பராக்குவில் எத்தெக் ஜஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாட்டில்களின் மேல் தூசி படிந்திருந்தது. எட்வார் துணியைக் காட்டி, தப்பு தன்னுடையது என்று முணுமுணுத்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"துணி போட்டது இவன். வாயைப் போட்டது யாரு?"

"தப்புதான் எத்தெக்," என்றாள் நெலி.

"எவ்வளவு மெதுவாச் சொல்றே! அன்னைக்கும் இப்படி மெதுவாத்தான் சொன்னியா? உன் புருஷன் ஓடிப்போனப்போ இந்தத் தெருவே உன்னைப் பத்திப் பேசுச்சு. நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனாடி?"

நெலிக்கு முகமெல்லாம் கொதித்தது. பதில் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டு சாத்தே கடைப் பக்கம் திரும்பினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கும்படி கத்தினாள்:

"எத்தெக் ஜஸ் பெட்ரோல்ல தண்ணி இல்ல! நான் சொன்னது பொய்! என் டேங்குல கெடந்தது எட்வார் பட்டறைத் துணி!"

யாரோ சிரித்தார்கள். எட்வார் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்பக் கேட்டுச்சு," என்றாள் எத்தெக் ஜஸ். நெலி ஒரு பாட்டிலைச் சுட்டிக் காட்டினாள். "உனக்கில்ல," என்று சொல்லிவிட்டுக் கிழவி பாட்டில்களைத் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

திரும்பும்போது வண்டி பெரிய வளைவில் கொஞ்சமும் தளராமல் ஏறியது. உச்சியை நெருங்கியதும் எட்வார் மெல்லக் கேட்டான்: "நல்லா இழுக்குது இல்ல உனி?"

நெலி ஓரமாக நிறுத்தினாள். "இறங்கு. வேற வண்டி பிடிச்சு வா."

இப்போது அவள் வேறு பட்டறையில் வண்டி விடுகிறாள். டேங்கைத் திறக்கிற நாளில் மெக்கானிக் பக்கத்திலேயே நின்று, அவன் கையில் இருக்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தெக் ஜஸின் பலகை முன் மெல்ல மெல்ல வண்டிகள் நிற்கத் தொடங்கிவிட்டன. நெலி அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடிப்பாள். கிழவி திரும்பிப் பார்ப்பதே இல்லை.

"இந்த வயசுல மனுஷிக்கு இவ்வளவு கோபம் ஆகாது," என்று நெலி பயணிகளிடம் குறைபட்டுக்கொள்வாள். பின்சீட்டில் ரம்லான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.